பாறசாலைக் கொட்டகையில் பொம்மைப் படம் ஓடிய வாரம்

போன மாதம் குழித்துறையில் சினிமா ஆபரேட்டர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பழைய ஆள் என்று என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். இப்போது கார்பன் விளக்கு கிடையாது, ரீல் கிடையாது. ஒரு சின்னப் பெட்டியைச் சொருகினால் படம் தானாக ஓடுகிறது. அதைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு இளைய ஆபரேட்டர் மைக்கைப் பிடித்தார்.

“அண்ணா, எல்லைப் போராட்டக் காலத்துல ஒரு கார்ட்டூன் போட்டதுக்கு உங்களப் போலீசு பிடிச்சுட்டுப் போச்சாமே. அதக் கொஞ்சம் சொல்லுங்க.”

கேட்கும்போதே அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. நான் எழுந்து இறங்கி வந்துவிட்டேன். மரியாதை தெரியாத கிழவன் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். அந்தக் கதையை இந்த ஊர்கள் இத்தனை காலமாகத் தமாஷாகத்தான் சொல்லி வருகின்றன. கல்யாண வீடுகளில் என் காது படவே சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சிரிப்பு கூடுகிறது, ஒரு உண்மை குறைகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அதன் பிறகும் சிரிக்க முடிந்தவர்கள் சிரிக்கலாம்.

என் பெயர் ஞானதாஸ். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், மிஷன் ஆலயத்தில் தமிழ்ப் பாட்டு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாறசாலைச் சினிமாக் கொட்டகையில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். தகரக் கூரை, பக்கங்களில் தென்னோலைத் தட்டி, முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் கொஞ்சம் நாற்காலி. கொட்டகை முதலாளி பொன்னையா, தேங்காய் வியாபாரி. எங்கள் ஆலயத்துக்காரர், தமிழர். ஞாயிறு காலை ஆராதனையில் எனக்கு முன்வரிசையில் நின்று கனத்த குரலில் பாடுவார்.

தலைமை ஆபரேட்டர் மாதவன் நாயர். நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். தமிழ் புரியும், பேச மாட்டார். மலையாளமும் அதிகம் பேச மாட்டார். என் தொழிலை நான் கற்றது அவரிடம். திட்டும் பாராட்டும் இல்லாமலே வருடங்கள் போயின. செய்தது தப்பாக இருந்தால் அவரே வந்து கலைத்துவிட்டு மறுபடி செய்வார். சரியாக இருந்தால் கலைக்க மாட்டார். அவ்வளவுதான்.

மேலே மெஷின் அறைக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். முதல் வேலை, ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது. அந்த வேலையை என்னிடம்கூட விட்டதில்லை. அடுத்து மணல் வாளி இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். படப்பெட்டி வந்ததும் ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றி, ஃபிலிமின் இரண்டு ஓரத்தையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஓடவிடுவார். கண்ணை மூடிக்கொண்டுதான் இதைச் செய்வார். ஓரத்துத் துளை எங்காவது கிழிந்திருந்தால் விரல் நின்றுவிடும். அங்கே வெட்டி ஒட்டுவார். படம் ஓடும்போது திரையைப் பார்க்கவே மாட்டார், மெஷின் சத்தத்தைத்தான் கேட்பார். பீடி குடித்த வாசனையோடு யார் வந்தாலும் படியிலேயே நிறுத்தி, கையைக் கழுவி வரச் சொல்லுவார். முதலாளிக்கும் அதே சட்டம்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அன்றைய பழைய ஃபிலிம் வெடிமருந்து மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் ஆகாது. மெஷின் கண்ணுக்கு முன்னால் ஒரு நொடி நின்றுபோனால், கார்பன் வெளிச்சத்தின் சூட்டில் குப்பென்று பிடித்துக்கொள்ளும். மணலையும் தண்ணீரையும் வைத்து அதை அணைப்பது லேசு இல்லை. அதற்காகவே மெஷினில் ஒரு தகடு உண்டு. ஓட்டம் குறைந்தால் அது தானாக விழுந்து வெளிச்சத்தை மறைத்துவிட வேண்டும். எங்கள் மெஷினில் அந்தத் தகட்டின் ஸ்பிரிங் செத்துக் கிடந்தது. கையால்தான் மூட வேண்டும். நாயர் சார் பலமுறை முதலாளியிடம் சொன்னார். நானும் கூட நின்று கேட்டிருக்கிறேன்.

“அடுத்த பெட்டிக்குப் பணம் கெட்டணும். பைய பாக்கலாம் நாயரே” என்பதே முதலாளியின் பதில்.

1954-ல் தெற்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ் பேசும் தாலுக்காக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் செத்தார்கள். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரைக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைக்கவில்லை. அந்தச் சூட்டுக்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் கம்போடு வந்துவிடும். கடைத்தெருவில் தமிழில் உரக்கப் பேசுவதற்கே ஆட்கள் யோசித்தார்கள். கொட்டகையிலும் கூட்டம் குறைந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு படப்பெட்டியோடு அந்தப் பொம்மைப் படம் வந்தது. வெள்ளைக்காரப் படம், பழைய பிரதி. பேச்சே கிடையாது, சங்கீதம் மட்டும். பெரிய மண்டபத்தில் மிருகங்கள் எல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு வயலினும் குழலும் முரசும் வைத்து உட்கார்ந்திருக்கும். நடுவில் மேடை மேல் ஒரு தடித்த கரடி நின்று, கையில் சின்னக் கோலை ஆட்டி எல்லாரையும் வாசிக்க வைக்கும். கடைசி வரிசையில் ஒரு வெள்ளாடு. அதற்கு ஒரு ஜால்ரா மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். அந்தக் கோல் தனக்கு வேண்டும் என்று ஆட்டுக்கு ஆசை.

அதற்குப் பிறகு அடிதடிதான். கரடி நிற்கும் மேடைக் காலை ஆடு அறுக்கும். கரடி ஆட்டைப் பிடித்துப் பெரிய முரசுக்குள் திணித்து அதன் மேலேயே தாளம் போடும். ஆடு வயலின் வில்லால் அம்பு விடும். கரடி நீட்டுக் குழலை நீட்டி ஆட்டின் மூக்கில் குத்தும். இத்தனைக்கும் நடுவில் வாசிப்பு நிற்காது. ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழும். கடைசியில் இரண்டும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுக்க, கோல் இரண்டாக ஒடியும். ஆளுக்குப் பாதி. கோஷ்டியில் பாதி கரடிக்கு வாசிக்கும், பாதி ஆட்டுக்கு வாசிக்கும். மண்டபமே இடிந்து விழும். இடிபாட்டுக்குள் நின்று இரண்டும் ஜனங்களுக்குக் கும்பிடு போடும்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் அதைப் போட்டோம். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மணல் தரையில் இருந்தவர்கள் ஆட்டின் பக்கம் சேர்ந்தார்கள். “எலே, விடாதலே, கம்பப் பிடுங்கு” என்று கத்தினார்கள். பெஞ்சில் பாதிப் பேர் கரடிக்கு விசில் அடித்தார்கள். தமிழன் ஆடு, மலையாளி கரடி என்றெல்லாம் பிரிவினை கிடையாது. என் சித்தப்பா மகன் கரடியின் ஆள். திரையைப் பார்க்காத நாயர் சார்கூட, சுவர்த் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். ஆடு முரசுக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டியபோது அவர் வயிறு குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கோல் ஒடிந்த நேரத்தில் தரையிலிருந்து ஒருவன், “தாலுக்கா பிரிஞ்சு போச்சு மக்கா” என்றான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நாற்காலியில் இருந்த மலையாளி வக்கீல்களும் சிரித்தார்கள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் பிறகு வழக்கு முளைத்தது.

சனிக்கிழமை காலையிலேயே பொன்னையா முதலாளி படியேறி வந்தார், கையைக் கழுவிவிட்டு.

“நாயரே, அந்தப் பொம்மப் படத்த ரெண்டு தடவ போடணும். தொடக்கத்துல ஒண்ணு, இடைவேளைக்கப் பொறவு ஒண்ணு. ஆடு செயிக்குமா கரடி செயிக்குமான்னு செண்ட அடிச்சுச் சொல்லச் சொல்லியாச்சு.”

“பழைய பிரிண்ட் ஆணு. தகடு நன்னாக்கண்டே?” என்று நாயர் சார் கேட்டார். பழைய பிரதி, தகட்டைச் சரிசெய்ய வேண்டாமா என்று.

“திங்களாச்சை பாப்பம்” என்று முதலாளி இறங்கிப் போனார்.

செண்டை மேளம் அடித்துக்கொண்டு ஆள் கடைத்தெருவெல்லாம் சுற்றினான். சனிக்கிழமை கொட்டகை நிரம்பியது. இருப்பது ஒரே மெஷின் என்பதால், படத்தை மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட வேண்டும். அந்த இடைவெளியில் தரைக்காரர்கள் “கோலக் குடு, கோலக் குடு” என்று கூட்டமாகப் பாட ஆரம்பித்தார்கள். அது விளையாட்டு. கைக்குழந்தையோடு வந்த பெண்கள்கூடப் பாடினார்கள். ஆனால் வெளியே தெருவில் நின்று கேட்ட போலீஸ்காரனுக்கு அது போராட்டக் கோஷமாகக் கேட்டிருக்கிறது. கரடியின் தொந்தி தன் மேலதிகாரியின் தொந்தி மாதிரி இருக்கிறது என்றும் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிறு மதியக் காட்சி. இடைவேளைக்குப் பிறகு நாங்கள் பொம்மைப் படத்தை இரண்டாம் முறை ஓட்டத் தொடங்கியபோது, மரப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உதைத்துத் திறந்தார்கள். ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும். கையில் லாத்தி.

“நிறுத்தெடா” என்றார் ஏட்டு.

நாயர் சார் அவசரப்படவில்லை. மெஷினைக் காட்டி, “நிறுத்தாம். ஆத்யம் வெளிச்சம் அடைக்கணும், பின்னே மெஷின். இல்லெங்கில் கத்தும்” என்றார். முதலில் வெளிச்சத்தை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியும். சொல்லிக்கொண்டே கையை அந்தத் தகட்டுக்குக் கொண்டுபோனார். அவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் பேசி நான் கேட்டதில்லை. இளைய போலீஸ்காரன் அதற்குள், ஏமாற்றுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, லாத்தியை ஓங்கி மெஷினின் பக்கவாட்டில் அடித்தான். ஃபிலிம் சிக்கி நின்றது.

திரையில் கரடியின் முகம் பழுப்பாகிக் குமிழ் விட்டது. கீழே ஜனங்கள் அதற்கும் சிரித்தார்கள், படத்தில் அதுவும் ஒரு வேடிக்கை என்று. இங்கே மெஷினுக்குள் தீ பிடித்துவிட்டது. அது மேலே இருக்கும் ரீலுக்கு ஏறிவிட்டால் முடிந்தது. அறையில் மீதிப் படம் முழுவதும் பெட்டியில் கிடக்கிறது; அறையை ஒட்டி ஓலைத் தட்டி; கீழே இருநூறுக்கு மேல் ஜனம். நாயர் சார் இரண்டு கையாலும் எரியும் ஃபிலிமைப் பிடித்து, மேல் ரீலிலிருந்து அறுத்து இழுத்தார். அது அவர் கையில் எரிந்தது. விடவில்லை. முழுவதையும் வெளியே இழுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி, மணலில் போட்டு மேலே ஏறி நின்றார். நான் கரண்டை அணைத்துவிட்டு, படப்பெட்டிகளைப் படி வழியாகக் கீழே உருட்டினேன். ஏட்டும் போலீஸ்காரர்களும் அந்தப் பெட்டிகளுக்கு முன்னாலேயே கீழே ஓடிவிட்டார்கள்.

கொட்டகையில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். இதைத்தான் எழுத நினைத்தேன். கல்யாண வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்களில் எத்தனை பேருடைய அப்பனும் அம்மையும் அன்று அந்த மணலில் உட்கார்ந்திருந்தார்களோ தெரியாது.

நாயர் சாரை வண்டியில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். போராட்டக்காரர்களுக்காக வேண்டுமென்றே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கலகம் தூண்டினேன். போலீஸ் வந்ததும் பீடியைப் போட்டுத் தீ வைத்தேன். இதுதான் வழக்கு. ஸ்டேஷனில் அடித்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டியது ஒன்றும் இல்லை, அடி அடிதான்.

நெய்யாற்றின்கரை சப்ஜெயிலில் கிடந்தபோது, எங்கள் பக்கத்தில் மேடை ஏறிப் பேசுகிற செல்லையா என்பவர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நானும் அவர் பேச்சுக்குக் கைதட்டியவன்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, கோர்ட்டுல ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஆமா, தமிழுக்காகச் செய்தேன்னு சொல்லு. உள்ள கொஞ்ச நாளு கெடக்கணும். வெளிய வரும்ப நாடு முழுக்க உம் பேரு தெரியும்.”

“நான் செய்யல்லியே. முதலாளி சொல்லிப் போட்ட படமாக்கும் அது.”

“அது யாருக்கு வேணும்? முதலாளியும் நம்ம ஆளு. அவர எதுக்கு இதுல இழுக்கணும்?”

“அப்ப கை வெந்து கெடக்காரே நாயர் சாரு, அவரு யாரு ஆளு?”

செல்லையா பழத்தைக் கம்பி வழியாக உள்ளே தள்ளினார். பிறகு, “அவரு மலையாளி அல்லவா. போலீசுக்குச் சாதகமாத்தான் சொல்லுவாரு. பாத்துக்க” என்றார்.

“எங்க ஊரு தமிழ் ஜில்லாவோட சேரணும்னு எனக்கும் ஆசை உண்டு. அதுக்கு ஊர்வலத்துக்கு வாறேன், அடி வாங்குறேன். ஆனா செய்யாதத செய்தேன்னு சொல்ல மாட்டேன். நீங்க போலாம்” என்றேன். பழத்தை அவர் எடுத்துப் போகவில்லை. பக்கத்து அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

கோர்ட்டில் பொன்னையா முதலாளி சாட்சி சொன்னார். எனக்கு முன்னால் நின்று தமிழில் தேவனைப் பாடியவர், கூண்டில் ஏறியதும் மலையாளத்தில் பேசினார். படத்தை இரண்டு முறை போடச் சொன்னது தனக்குத் தெரியாது. செண்டை அடித்தது யார் என்று தெரியாது. தகடு பழுது என்று ஒருவரும் தன்னிடம் சொன்னதில்லை. பையன் போராட்டக்காரர்களோடு சுற்றுகிறான் என்று கேள்விப்பட்டதுண்டு. சொல்லி முடித்து இறங்கும்போது என்னைப் பார்க்கவில்லை. போலீஸ்காரன் மீது எனக்கு உள்ள கோபம் வேறு. அவன் என்னை அறியாதவன். இந்த ஆள் என் ஞானஸ்நானத்துக்கு வந்து சாப்பிட்டவர்.

அடுத்து நாயர் சாரைக் கூப்பிட்டார்கள். இரண்டு கையும் முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. வெற்றுடம்பு, மேலே ஒரு துண்டு. சட்டைக்குள் கை நுழையாது. கூட்டத்தில் தமிழர்கள் அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

சர்க்கார் வக்கீல், பீடி போட்டது யார் என்று கேட்டார்.

“என் அறையில் பீடி இல்லை” என்று அவர் மலையாளத்தில் சொன்னார். “இவன் பீடி கொண்டுவரவில்லை. அவர்கள் லாத்தி கொண்டுவந்தார்கள். அதால் மெஷினை அடித்தார்கள்.”

“படத்தை இரண்டு தடவை போட்டது?”

“முதலாளி சொன்னார். நான் போட்டேன். இவன் உதவிக்கு நின்றான்.”

“ஒரு தமிழனுக்காக நீங்கள் பொய் சொல்கிறீர்களா?”

அவர் வக்கீலைப் பார்த்தார். இரண்டு கையையும் கொஞ்சம் உயர்த்தினார். “எனக்குக் கை போயிற்று. இனி நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?”

வழக்கு நிற்கவில்லை. என்னை விட்டார்கள். போலீஸ்காரன் மேல் நடவடிக்கை ஒன்றும் இல்லை. முதலாளி எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார். என் ஆபரேட்டர் லைசென்சுக்கு எழுதிப் போட்டபோது, போலீஸ் ரிப்போர்ட் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாயர் சாரின் காயம் ஆறியபோது, இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே வளைந்துபோயின. அவரால் ஒரு தீக்குச்சியைப் பிடிக்க முடியாது. சோறு அவர் மனைவி பவானியம்மா ஊட்டினார்.

பிறகு எல்லை போட்டார்கள். விளவங்கோடு தாலுக்கா மதராஸ் பக்கம் போனது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. எங்கள் வீடு அங்கேயே இருக்க, நான் இந்தப் பக்கம் குழித்துறைக்கு வந்து புதிதாக லைசென்ஸ் எடுத்தேன். ஓய்வு பெறும் வரை மெஷின் பக்கத்தில்தான் நின்றேன். எத்தனை கொட்டகை, எத்தனை மெஷின் என்று எண்ணவில்லை. எங்கே போனாலும் முதல் நாளே அந்தத் தகட்டைத் தட்டிப் பார்ப்பேன். விழாவிட்டால், சரிசெய்யும் வரை படம் ஓட்ட மாட்டேன். அதற்காக இரண்டு இடத்தில் வேலை போனது. போகட்டும்.

மாதம் ஒரு முறை நெய்யாற்றின்கரைக்குப் போய் நாயர் சாரைப் பார்ப்பேன். பேச எங்களுக்கு அதிகம் இருக்காது. பொன்னையா முதலாளி ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. அவர் கொட்டகையைக் கல்லால் கட்டிப் பெரிதாக்கினார். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். மேடையில், போராட்டக் காலத்தில் தன் கொட்டகையைப் போலீஸ் கொளுத்தப் பார்த்ததாகப் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

நாயர் சார் ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். தகவல் வந்து நான் போனபோது, முன்னறையில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். விளக்கு எரிந்தது. கழுத்து வரை கோடித்துணி போர்த்தியிருந்தது. தெற்குப் பக்கத்தில் சிதைக்கு மாமரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாசலில் நின்றபோது ஒரு கார் வந்தது. பொன்னையா முதலாளி இறங்கினார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வந்து தோளைத் தொட்டார்.

“ஞானதாசு, அன்னைக்கு உள்ள சூடு அப்படி. காலம் அப்படியாக்கும்.”

“அன்னைக்கு உள்ள சூடு ஃபிலிமுக்க சூடு” என்றேன். “வேற சூடு எனக்குத் தெரியாது. நீங்க திரும்பிப் போங்க.”

வாசலை மறித்துத்தான் நின்றேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பவானியம்மாவின் குரல் வந்தது. “வரட்டே மோனே. காணான் வந்நதல்லே.” வரட்டும் மகனே, பார்க்க வந்தவர்தானே என்று.

அது அவர்கள் வீடு. நான் விலகினேன். முதலாளி உள்ளே போய், செருப்பில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைமாட்டில் கைகூப்பி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, ஜெபம் பண்ணினார் போல.

நான் போய் அந்தக் கோடித்துணியின் விளிம்பைப் பிடித்து இடுப்பு வரை மடித்துவிட்டேன். நாயர் சாரின் இரண்டு கையும் நெஞ்சின் மேல் வெளியே கிடந்தன. முதலாளி கண்ணைத் திறந்தார். பார்த்தார். கூப்பிய கை அப்படியே கீழே இறங்கியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காருக்குப் போனார்.

பவானியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். துணியை அவர்கள் மறுபடி இழுத்து மூடவில்லை. சிதைக்கு எடுக்கும் வரை அந்தக் கைகள் அப்படியே இருந்தன.